மத்தியானத்துக்காரங்க

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்காருகிறார்கள். கேள்வியை நம்மிடம் கேட்டுவிட்டு, பதில் சொல்லும்போது போனைப் பார்க்கிறார்கள். “அப்புறம்?” என்பான் ஒருத்தன். ஏதோ விசேஷம் இருக்கிறது என்று நாம் காதைக் கொடுத்தால், எழுந்து கிளம்பிவிடுவான். அந்த ‘அப்புறம்’ எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் தொழிலிலும் அதே கதைதான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற தொழில். முன்பெல்லாம் ஆள் நேரே ஷெட்டுக்கு வருவார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றுவார். டயரை ஓர் உதை உதைப்பார். “கண்ணாடி உடைஞ்சா யாரு பொறுப்பு?” என்று மிரட்டுவார். நான் அவரைவிட அதிகமாக மிரட்டுவேன். கடைசியில் அவரேதான் வண்டி கேட்பார். இப்போது கட்டைவிரலால் வருகிறார்கள். கட்டைவிரலாலேயே போய்விடுகிறார்கள். டயரை உதைக்க ஆளில்லை.

போன வாரம் விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஷெட் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, வெப்சைட் ஒன்று போட்டான். ஆள் வந்தது, நிற்கவில்லை. பெரிய கம்பெனி ஒன்று ஊருக்கு ஒரு லாரிக்காரரைச் சேர்த்துக்கொண்டு வேலை கொடுக்கிறதாம். நம்மையும் சேர்ப்பதாகச் சொன்னார்கள். ஆனால் வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்களாம். அதற்கு வேண்டிய பாஸ்வேர்டை மகன் கொடுத்துவிட்டான்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியை வைத்துக்கொண்டே மருமகள் சொன்னாள்: “இது கிடைக்கலைன்னா எங்க அண்ணன் ஊருக்குப் போயிடலாம். அங்க உங்களுக்கு வண்டி ஓட்டற வேலை தயாரா இருக்கு.”

“இன்னொருத்தன் வண்டியை நான் ஓட்ட மாட்டேன்,” என்றான் மகன், தட்டைப் பார்த்தபடி.

அவள் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கம்பெனி ஆள் வருகிற நாள் வந்துவிட்டது.

காலையில் ஷெட்டுக்கு இறங்கினேன். வீடு மாடியில், லாரியும் ஒரு சின்ன வண்டியும் நிற்கிற ஷெட் கீழே. மூலையில் ஒரு தகர மேஜை, ஒரு மின்விசிறி, சாமான் சுற்றுகிற பழைய போர்வைக் கட்டுகள். அதுதான் ஆபீஸ். மகன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“அப்பா, வந்துட்டாங்க!”

“யாரு, கம்பெனியா?”

“இல்லப்பா. காலைக்காரங்க.”

இதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக இரண்டு பேர் அவன் வெப்சைட்டில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தர் காலையில் வந்து சமையல் வேளை முடிகிறவரை இருப்பார். இன்னொருத்தர் மத்தியானம் வந்து சாயங்காலம்வரை இருப்பார். யார் என்று தெரியாது, பெயர் வராதாம். அதனால் இவனே பெயர் வைத்துவிட்டான். காலைக்காரங்க. மத்தியானத்துக்காரங்க. சம்பந்தி வீட்டு ஜனங்களைச் சொல்வதுபோல அவ்வளவு மரியாதை.

“காலை பூரா லாரிப் படத்தைப் பார்த்துக்கிட்டு எவன்டா உக்காந்திருப்பான்? வேலைவெட்டி இல்லாதவனா?”

“அதுக்குப் பேருதான் ஈடுபாடுப்பா.”

“ஈடுபாடுன்னா வாயைத் தொறந்து ‘வண்டியை அனுப்பு’ன்னு சொல்லணும். ஒரு நாளாவது சொன்னானா?”

“சொல்லுவாங்க. முதல்ல நம்ம மேல நம்பிக்கை வரணும்.”

“இத்தனை நாள் உன் மூஞ்சியைப் பார்த்தும் வரலைன்னா, இனிமே எங்கேருந்து வரும்?”

அந்த வெப்சைட்டில் இவன் முகம்தான் முதலில் வரும். லாரிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “உங்கள் வீட்டுச் சாமான் எங்கள் வீட்டுச் சாமான்” என்பான். வெளியாள் கேட்டால் பயந்துவிடுவான். திருடப் போகிறவன் பேச்சு மாதிரி இருக்கும்.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான்.

“மத்தியானத்துக்காரங்க கேள்வியெல்லாம் கேப்பாங்கப்பா. மழை வந்தா மெத்தை நனையுமா, ஜன்னல்ல வெச்ச செடித்தொட்டியை எப்படி எடுத்துட்டுப் போவீங்க, வண்டில போகும்போது பாட்டுப் போடுவீங்களா... நான் எங்க இருந்தாலும் உடனே பதில் போட்டுடுவேன். லாரிக்கு அடியில படுத்திருந்தாக்கூட.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த முகத்தை மாடியில் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெயர் தெரியாதவர்களை நம்புகிறவனை நான் நம்புவதில்லை, பெற்ற பிள்ளையாக இருந்தாலும்.

மருமகள் படியிறங்கி வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. தோளில் பை, கையில் பேத்தியின் கை.

“இன்னைக்குத்தானே வர்றாங்க?” என்று மகனைக் கேட்டாள்.

“ம்.”

“நான் லீவு போடட்டுமா?”

“ம்? வேண்டாம், வேண்டாம்.” கண் திரையில் இருந்தது.

அவள் ஒரு நொடி நின்று, “போயிட்டு வரேன் மாமா,” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு பெண்பிள்ளை. என் மருமகள் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்து உட்காருகிறவர்கள் முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள்.

“வணக்கம் ஐயா. நீங்க ஆரம்பிச்ச தொழிலா?”

“ஆமா. பலகை இருந்தப்ப ஆரம்பிச்சது.”

மகன் என்னை முறைத்தான். அவள் சிரித்துவிட்டுத் தன் லேப்டாப்பைத் திறந்தாள்.

திறந்ததும் பாட்டுக் கேட்டது. எங்கள் வெப்சைட் பாட்டு. அதன்பிறகு ஒரு ராட்டினம் சுற்றியது. சுற்றினால் தள்ளுபடியாம். அவள் அதை மூடினாள். மகன் முகம் வந்து, உங்கள் சாமான் எங்கள் சாமான் என்றது. அதையும் மூடினாள். வெளியே போகப் பார்த்தாள். ‘ஒரு நிமிடம்! போகாதீர்கள்!’ என்று பெட்டி ஒன்று குறுக்கே குதித்தது.

“இதெல்லாம் யாரு போடச் சொன்னது?”

“வெப்சைட் பண்ணிக் குடுத்தவர் மேடம். வர்றவங்களைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு.”

“சட்டையைப் பிடிச்சா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“தம்பி, வீடு மாத்தறவங்க பதட்டத்துல வருவாங்க. என்ன ஆகும், எப்ப வருவீங்க, உடைஞ்சா என்ன பண்ணுவீங்க. இதைக் கேக்கத்தான் வர்றாங்க. உங்க வெப்சைட் பக்கத்துல அது எங்கயோ அடியில கெடக்கு. பாட்டைக் கேட்டு ஓடிடறாங்க. இங்க பாருங்க, எல்லாரும் வந்த வேகத்துல போயிருக்காங்க.”

“எல்லாரும் இல்ல மேடம்.” இதற்காகத்தான் அவன் காத்திருந்தான். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டான். “ரெண்டு பேரு. தினமும். மணிக்கணக்கா நிக்கறாங்க. அதைப் பாருங்க.”

“அதைக் கேக்கத்தான் நானே நேர்ல வந்தேன்,” என்றாள் அவள்.

என் வீட்டுக்காரி டீத் தட்டோடு படியிறங்கி வந்தது அப்போதுதான். கம்பெனிப் பெண் எதையோ தேடி எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

“‘பீரோ கண்ணாடி உடையாமல் கொண்டு போவீர்களா தம்பி ஏங்க மோட்டாரை நிறுத்துங்க தண்ணி வழியுது காது கேக்கலையா உங்களுக்கு.’”



அந்த மோட்டாரை மறந்தது நான். தண்ணீர் வழிந்து, மாடியிலிருந்து என் வீட்டுக்காரி கத்தி, தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்குப் போனில் எழுத வராது. வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். தம்பிக்குச் சொன்னதையும் எனக்குச் சொன்னதையும் அது பிரித்துப் பார்க்கவில்லை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டீத் தட்டைப் பார்த்தாள்.

“இது வந்தப்ப உங்களுக்குச் சந்தேகம் வரலையா?” என்று கம்பெனிப் பெண் மகனைக் கேட்டாள்.

“எல்லா வீட்லயும் மோட்டார் இருக்கே மேடம்,” என்றான் பாவி.

“காலைல நிக்கறவங்க இதே கட்டடத்து இணைப்புலேருந்துதான் வர்றாங்க. மேல யாரு இருக்கா?”

“நான்தாம்மா,” என்றாள் என் வீட்டுக்காரி.

மகன் திரும்பினான். “அம்மா?”

“வர்றவங்க நிக்க மாட்டேங்கிறாங்கன்னு சோறு எறங்காம உக்காந்திருந்தியேடா. நாள் பூரா அடுப்படில நிக்கறவ, இதுல நிக்கறது என்ன பெரிய கஷ்டம்னு போனைத் தொறந்து அலமாரில சாச்சு வெச்சேன். சும்மா நிக்கக் கூடாதேன்னு நடுநடுவுல ஒரு கேள்வி கேட்டேன். உன் முகமும் தெரிஞ்சுது. வேற என்ன பண்ணினேன்?”

கம்பெனிப் பெண் டீயை எடுத்துக்கொண்டாள். எடுக்காமல் இருந்திருந்தால் அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கும். அதற்குக்கூட வழி விடவில்லை.

“சரி, அது அம்மா,” என்றான் மகன் அவசரமாக. “மத்தியானத்துக்காரங்க இருக்காங்களே. அவங்க வெளியாளு.”

“அது ஒரு பல் ஆஸ்பத்திரி இணைப்பு.”

மகன் முகம் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது. “என் வீட்டம்மா மேடம். அவ அங்கதான் வேலை பாக்கறா. அவளும் எனக்காக...” என்று சிரிக்கப் போனான்.

கம்பெனிப் பெண் சிரிக்கவில்லை. திரையை அவன் பக்கம் மெதுவாகத் திருப்பினாள்.

“கடைசியா கேட்டதை நீங்க திரும்பப் படிங்க. நான் வெளில நின்னு டீ குடிக்கறேன்.”

போகும்போதே சொல்லிவிட்டாள், நல்ல குரலில்தான் சொன்னாள்: “இதை வெச்சு நான் எங்க ஆபீஸ்ல பேச முடியாது தம்பி. இது நடக்காது. தப்பா எடுத்துக்காதீங்க.”

வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவள் சொல்லவில்லை.

அவள் கிளம்பின பிறகு மகன் எழுந்து போய் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மேஜையில் உட்கார்ந்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பெட்டிமேல் ‘கவனம், கண்ணாடி’ என்று எழுதியிருப்பதைப் படிக்கிற அளவு படிப்பு. மகன் தன் லேப்டாப்பிலும் அதைத் திறந்திருந்தான், மூடவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மத்தியானத்துக்காரங்க கேட்டிருந்தார்கள்: ‘ஒரு பெண், ஒரு குழந்தை மட்டும். வீட்டுக்காரர் வரவில்லை. மூன்று கதவு பீரோ, நடுக்கதவு சரியாக மூடாது. குழந்தை படிக்கிற மேஜை. தையல் மெஷின். சின்ன வண்டி போதுமா?’

என் மகன் பதில் போட்டிருந்தான்: ‘தாராளமாகப் போதும் மேடம். கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். கவலையே வேண்டாம். எப்போது வேண்டும்?’

அதற்கு அவர்கள்: ‘போகச் சொல்கிறீர்களா?’

இவன்: ‘கண்டிப்பாக மேடம்! புதிய வீட்டில் சந்தோஷமாக வாழ வாழ்த்துகள்.’ பக்கத்தில் ஒரு பூப் படம்.

அந்த பீரோவை மாடிக்கு ஏற்றியது நான். திருப்பத்தில் இடித்து நடுக்கதவு தொங்கிப்போனது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து ஒரு காகிதத்தை மடித்துச் சொருகித்தான் மூடுகிறார்கள். இவன் சட்டை அந்தக் கதவுக்குள்தான் இருக்கிறது. காலையில் போட்டுக்கொண்டு வந்தானே, இஸ்திரி சட்டை, அதுவும் அதற்குள்ளிருந்து வந்ததுதான்.

லாரிக்குப் போய்ச் சன்னலைத் தட்டினேன்.

“பீரோன்னு எழுதியிருக்கா. நடுக்கதவுன்னு எழுதியிருக்கா. உனக்கு உறைக்கலையாடா?”

“எல்லார் வீட்டு பீரோவும் அப்படித்தாம்பா மூடாது.”

“பூ வேற போட்டிருக்க.”

“அது எல்லாருக்கும் போடறது,” என்றான். சன்னலை ஏற்றிவிட்டான்.

மாடியில் என் வீட்டுக்காரி போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். போன் என்ன செய்தது பாவம்.

“நான் செஞ்சது தப்பாங்க?”

“உன்னால எதுவும் போகலை. நீ நிக்காம இருந்திருந்தா அந்தம்மா இன்னும் சீக்கிரம் போயிருப்பா.”

“இது ஆறுதலா, திட்டா?”

“எனக்கே தெரியலை.”

“மருமக கேட்டிருக்கிறது என்ன?”

சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். “சின்ன வண்டி போதும்னு சொல்லிட்டானா?” என்றாள். “ஒரு பேச்சுக்காவது, வண்டி இல்லைன்னு சொல்லக் கூடாதா?”

சாயங்காலம் மருமகள் வந்தாள். பேத்தியைப் பாட்டியிடம் மாடிக்கு அனுப்பிவிட்டுப் போர்வைக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு விஷயம் எட்டிவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கம்பெனிப் பெண் இங்கிருந்து போனதும் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள், இந்த இணைப்பு உங்களுடையதுதானா என்று. போனை எடுத்தது இவள்தான். அதுதானே இவள் வேலை.

“கிடைக்கலை இல்ல மாமா?”

“கிடைக்கலை.”

“அவரு எங்க?”

கையைக் காட்டினேன். லாரிக்குள் தலை தெரிந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்காது.

“மொதல்ல அவருக்காகத்தான் தொறந்து வெச்சேன் மாமா. யாராவது நின்னா சந்தோஷப்படுவாரேன்னு. அப்புறம் ஒரு நாள் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். மழை வந்தா மெத்தை நனையுமான்னு. உடனே பதில் வந்துச்சு.” இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் மாறியது. “வீட்ல நான் என்ன கேட்டாலும் ‘ம்’. அதுகூட சில நாள் கெடையாது. அங்க கேட்டா, ‘நல்ல கேள்வி கேட்டீங்க, உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்’னு... நான் தினமும் போனேன். வண்டில பாட்டுப் போடுவீங்களான்னு கேட்டேன். உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு அவரு என்னைக் கேட்டாரு மாமா. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டதில்லை.”

“அது நீன்னு அவனுக்குத் தெரியாதும்மா.”

“தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியாது.”

“செடித்தொட்டியைச் சொன்னேன். நம்ம ஜன்னல்ல இருக்கற தொட்டி. தெரிஞ்சுக்கிட்டுத்தான் வெளையாடறாருன்னு நெனச்சேன். அதனாலதான் பீரோவைச் சொன்னேன். அதைப் படிச்சா ஓடி வந்து ‘என்னடி பேச்சு இது’ன்னு கேப்பாருன்னு. வாழ்த்துச் சொன்னாரு.”

“அவன் எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடறான்.”

“அதேதான் மாமா நானும் சொல்றேன். எல்லாருக்கும்.”

எனக்குத் தெரிந்தது கட்டவும் ஏற்றவும்தான். அவிழ்க்கிற விஷயத்தில் எனக்குச் சாமர்த்தியம் போதாது.

லாரிக் கதவு திறந்தது. மகன் இறங்கி வந்தான். காலையில் போட்ட சட்டை கசங்கி, கண் சிவந்து, பார்க்கப் பாவமாகத்தான் இருந்தான். அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

“அது நீன்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

அவன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ வரத்தான் போனது.

சட்டைப் பையில் போன் மணியடித்தது. வெப்சைட்டுக்கு யாரோ வந்தால் அடிக்கிற சின்ன மணி. அவன் கண் கீழே போனது. எடுத்துக்கூடப் பார்க்கவில்லை, கண் மட்டும் போய்விட்டு வந்தது, அவ்வளவுதான்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

“நாளைக்குக் காலைல சின்ன வண்டி சும்மாதானே இருக்கு மாமா?” என்று என்னைக் கேட்டாள். “நீங்க ஓட்டுவீங்களா? இவரு இன்னொருத்தர் சாமானை ஏத்தறப்ப ரொம்ப மரியாதையா ஏத்துவாரு. எனக்கு அது வேண்டாம்.”

“ராத்திரி போகட்டும்மா, நிதானமா...” என்றேன்.

“எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் மாமா.”

மாடிப்படி ஏறிப் போனாள். ஒரு படியில்கூடத் தயங்கவில்லை. அவள் கால் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“போடா,” என்றேன்.

அவன் அசையவில்லை.

“கல்லு மாதிரி நிக்கறியே. மேல போ. கால்ல விழறியோ கத்தறியோ, எதையாவது பண்ணு. வேலை வேணும்னா மச்சினன் வண்டியையே ஓட்டேன், கை தேஞ்சா போயிடும்?”

“மேல போனா எனக்குப் பேச்சு வராதுப்பா.”

“இங்க மட்டும் என்ன வந்துது?”

அவன் தகர மேஜைக்குப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் தட்ட ஆரம்பித்தான். நான் பின்னால் போய் நின்று எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்காரங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

‘இருக்கிறீர்களா?’

மாடியில் அவள் போன் சத்தம் கொடுத்தது. கீழே வரை கேட்டது.

“பைத்தியமாடா உனக்கு? தலைக்கு மேல இருக்கா. பதினஞ்சு படி ஏறினா போதும். ‘இருக்கிறீர்களா’வாம்!”

“இதுல கேட்டா பதில் சொல்லுவாப்பா. இதுல நாங்க நல்லாப் பேசிக்கிட்டோம்.”

அவன் மறுபடி தட்டினான். தட்டியதை அழித்தான். மறுபடி தட்டினான். ‘சின்ன வண்டி இல்லை மேடம்’ என்று எழுதி, அந்த ‘மேடம்’ஐ மட்டும் அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று தெரியாமல் விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். கட்டின பெண்டாட்டியை என்னவென்று கூப்பிடுவது என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் ஒன்றும் போடாமலே அனுப்பினான்.

மேலே மறுபடி மணி.

திரையின் அடியில் புள்ளிகள் மூன்று ஓட ஆரம்பித்தன.

“பாருங்க! எழுதறா!” என்றான். குரலே மாறிவிட்டது.

புள்ளிகள் நின்றன. ஓடின. மறுபடி நின்றன.

மாடியில் தரையோடு ஏதோ இழுபட்டது. கனமான மரம். சாமான் தூக்குகிறவனுக்குச் சத்தத்திலேயே தெரியும், சுவரை ஒட்டி நகர்கிறதா, வாசலைப் பார்த்து நகர்கிறதா என்று. என் வீட்டுக்காரி ஏதோ கெஞ்சுகிற குரல் கேட்டது. பேத்தி, “என் மேஜையுமா?” என்றது.

“கேக்குதாடா?”

அவனுக்குக் கேட்கவில்லை. திரையில் பச்சையாக ஒரு பொட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினான்.

“போகலைப்பா. நம்ம பக்கத்துலதான் இன்னும் நிக்கறா.”

அவன் அதை நம்பினான். முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே நம்பினான். நான் ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஷெட் கதவைத் தள்ளித் தெருவில் இறங்கி நடந்தேன். பச்சைப் பொட்டாம். நிக்கறாளாம். பின்னாலிருந்து, “அப்பா, மறுபடியும் எழுதறா!” என்று கத்தினான். நான் திரும்பவில்லை.